ஜிஞ்சரும் இஞ்சியும், எயிட்டும் எட்டும்

ஆங்கிலத்தில் எட்டுக்கு 'எயிட்'. இஞ்சிக்கு 'ஜிஞ்சர்'. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டுமே தமிழ்ச் சொல்லின் நிழல்போலத்தான் காதில் விழும். ஆனால் இந்த இரண்டு ஜோடியில் ஒன்றுதான் சொந்தம். இன்னொன்று வெறும் முகஜாடை.

எது சொந்தம், எது ஜாடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போகிற சொற்பிறப்பியல் என்ற துறையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது. இதைத் தொடங்க மொழியியல் பட்டமெல்லாம் தேவையில்லை. பொறுமை வேண்டும், நல்ல அகராதி வேண்டும், காதில் விழுந்ததை உடனே நம்பிவிடாத மனசு வேண்டும்.

தமிழர்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். 'ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்' என்று பட்டியல்கள் வாட்ஸாப்பில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் எயிட்டும் இருக்கும், ஜிஞ்சரும் இருக்கும். ஒரு பிள்ளை அதை வகுப்பில் பெருமையாகச் சொல்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் எயிட் தப்பு என்று காட்டிவிடுகிறார். அந்த நிமிஷமே ஜிஞ்சரும் சேர்ந்து பொய்யாகிப் போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஜிஞ்சர் பொய்யில்லை. படிக்குப் படி ஏட்டுச் சாட்சி உள்ள சொல் அது.

தாத்தா யார், எந்த ஊர்?

ஊரில் இரண்டு பேர் அச்சு அசலாக ஒரே ஜாடையில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். பங்காளிகளோ என்று சந்தேகம் வருகிறது. என்ன செய்வோம்? அப்பா யார், தாத்தா யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவோம். சொந்தம் என்றால் இரண்டு வழியும் எங்கோ ஒரு வீட்டு வாசலில் போய்ச் சேரும். இல்லையென்றால் பின்னால் போகப் போக இரண்டும் விலகும்.

சொல்லுக்கும் இதே கணக்குதான். இன்றைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு வைத்துப் பார்த்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. இரண்டு சொல்லையும், ஏடு எட்டுகிற வரை, பழைய வடிவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதுதான் தீர்ப்பு.

எயிட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே 'ஜி', 'எச்' என்று இரண்டு எழுத்துகள் உச்சரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் 'அது சைலண்ட்' என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வருகிற ஒரு ஒலி இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் எட்டை ஏறக்குறைய 'எஅஹ்தா' என்றார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் அந்த உரசல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே எட்டு 'ஆஹ்ட்'. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'ஒக்தோ', கிரேக்கத்தில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. அக்டோபர் என்பது பழைய ரோமானிய நாள்காட்டியில் எட்டாவது மாதம். ஆக்டோபஸ் என்றால் எட்டுக் கால் உள்ளது. நாம் சொல்கிற அஷ்டமியும் இதே குடும்பம்தான்.

இது தற்செயலாகச் சேர்த்த வரிசை இல்லை என்று எப்படித் தெரியும்? பக்கத்திலேயே இன்னொரு சொல்லை வைத்துப் பாருங்கள்: இரவு. ஆங்கிலத்தில் எயிட், நைட். ஜெர்மனில் ஆஹ்ட், நாஹ்ட். இத்தாலியத்தில் ஒத்தோ, நொத்தே. ஸ்பானிஷில் ஓச்சோ, நோச்சே. பிரெஞ்சில் உயித், நுயி. லத்தீனில் ஒக்தோ, நொக்தெம். எட்டில் நடுவெழுத்து எப்படி மாறியதோ அப்படியேதான் ஒவ்வொரு மொழியிலும் இரவிலும் மாறியிருக்கிறது. இதைத்தான் ஒலி மாற்ற விதி என்கிறார்கள். டென்மார்க்கின் ரஸ்முஸ் ராஸ்க் 1818-இலும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இலும் இப்படிப்பட்ட ஒழுங்குகளை எடுத்துக் காட்டிய பிறகுதான் சொற்பிறப்பியல் ஊகம் என்ற நிலையிலிருந்து ஆய்வாக மாறியது. ஒரு சொல்லில் மட்டும் நடந்த மாற்றத்தை நம்ப முடியாது. அதே மாற்றம் அதே மொழியின் வேறு சொற்களிலும் வரிசையாக நடந்திருந்தால் நம்பலாம்.

இப்போது நம் பக்கம். எட்டு. அதன் பழைய வடிவத்தைத் தேடிக் கல்வெட்டுக்கெல்லாம் போக வேண்டாம், நம் வாயிலேயே இருக்கிறது. எண்பது. எண்ணூறு. எண்திசை. அத்தனையிலும் 'எண்' என்றுதான் நிற்கிறது, 'எட்' என்று இல்லை. கன்னடத்தில் 'எண்ட்டு'. தெலுங்கில் 'எனிமிதி'. ஆக, தமிழ் எட்டின் உயிர்நாடி ஒரு மூக்கொலி. அது டகரத்தோடு சேர்ந்து பிறகு டகரமாகவே இரட்டித்தது. ஐரோப்பிய எட்டின் உயிர்நாடி ஒரு ககரம். அது உரசலாகி, பிறகு காற்றில் கரைந்தது. ஒரு வழி 'ஒக்தோ'வுக்குப் போகிறது, இன்னொன்று 'எண்'ணுக்கு. பின்னால் போகப் போக விலகுகின்றன. எயிட்டும் எட்டும் சொந்தக்காரர்கள் இல்லை.

மனசுக்கு ஒப்பவில்லையா? இவ்வளவு ஒத்துப்போவது வெறும் தற்செயலா என்று தோன்றும். தற்செயல் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் செய்யும். பாரசீக மொழியில் 'கெட்ட' என்பதற்குரிய சொல், ஆங்கிலத்தில் அதே பொருளில் வருகிற 'பேட்' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். பத்மாஷ் என்ற வசவின் முதல் பாதி அதுதான். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்று ஒரு பூர்வகுடி மொழி இருந்தது. அதில் நாய்க்கு 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதாகத்தானே யாருக்கும் தோன்றும்? டிக்சன் என்ற மொழியியலாளர் அக்கம்பக்கத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே நாய்க்கு 'குடகா'. ம்பாபரத்தில் சொற்களின் முதல் அசை உதிர்வதும், அடுத்த உயிரெழுத்து மாறுவதும், கடைசி உயிர் விழுவதும் வழக்கம். 'குடகா' அந்த வழியில் நடந்து நடந்து 'டாக்' ஆகிவிட்டது. மொழிக்கு மொழி பல்லாயிரம் சொற்கள் இருக்கின்றன, வாய் எழுப்பக்கூடிய ஒலிகளோ ஒரு சில டஜன்தான். ஆயிரக்கணக்கான மொழிகளில் அங்கங்கே இப்படி மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஜிஞ்சர் வந்த வழி

இப்போது ஜிஞ்சர். இதையும் அதே உரைகல்லில் உரசுவோம். தயவு காட்ட வேண்டாம்.

ஆங்கிலத்தின் இடைக்காலத்தில், அதாவது சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு, இதை 'ஜிஞ்ஜிவெர்' என்று எழுதினார்கள். அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தின் மருத்துவக் குறிப்புகளில் 'ஜிஞ்ஜிஃபெர்', 'ஜிஞ்ஜிபெர்' என்ற வடிவங்கள் வருகின்றன. பழைய பிரெஞ்சில் 'ஜிஞ்ஜிவ்ர்'. நடுவே ஒரு வகரமோ பகரமோ இருந்ததைக் கவனியுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லை. பிரெஞ்சில் இன்றும் இருக்கிறது, ஸ்பானிஷிலும் 'ஹென்ஹிப்ரே' என்று இருக்கிறது. அந்த வகரத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால லத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்'. அதற்கு முந்தைய லத்தீனில், முதல் எழுத்து மாறி, 'ஸிங்கிபெரி'. அந்த முதல் ஒலி ஆங்கில 'இசட்' எழுத்தின் ஒலி. தமிழ் எழுத்தில் அதைச் சரியாகக் காட்ட முடியாது. தாவரவியலாளர்கள் இஞ்சிக்கு வைத்திருக்கும் 'ஸிஞ்ஜிபெர் அஃபிசினாலே' என்ற பெயரில் அந்தப் பழைய வடிவம் இன்றும் நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். பிளினி, ரோமானியர். வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79-இல் இறந்துபோனவர். இயற்கை பற்றி அவர் எழுதிய பெருநூலில் மிளகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது இஞ்சிக்கு வருகிறார். இது மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்கிறார். ஒரு ராத்தல் 6 தெனாரியம் என்று ரோமானிய வெள்ளிக்காசுக் கணக்கில் விலையும் சொல்கிறார். கருமிளகு 4 தெனாரியம். மிளகைவிட இஞ்சிக்கு விலை கூடுதல். எங்கே விளைகிறது? அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பொருளைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவன் ஊரையே விளைந்த ஊர் என்று எழுதிவிட்டார். அதே நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டியோஸ்கொரிடெஸும் இதே பிழையைச் செய்தார். ஆனால் அவர் இஞ்சியைப் பார்த்திருக்கிறார். சிறு கிழங்கு, வெளிர் நிறம், மிளகின் சுவை, நல்ல மணம் என்கிறார். சீக்கிரம் பூச்சி அரித்துவிடும் என்பதால் சிலர் ஊறுகாயாக்கி மண்சாடியில் போட்டு இத்தாலிக்குக் கொண்டுபோகிறார்கள் என்கிறார். இஞ்சி ஊறுகாய்ச் சாடி கப்பலேறிப் போயிருக்கிறது! அவர் எழுதிய கிரேக்கப் பெயர் 'ஸிங்கிபெரிஸ்'.

சொல் தனியாகப் பயணம் போகாது, மூட்டையோடுதான் போகும். அதனால் ஒலி பொருந்தினால் போதாது, மூட்டை போன வழியும் இருக்க வேண்டும். இங்கே இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில், ஒரு கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் சுமார் 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. அதே கரையில் குசேர் அல்-கதீம் என்ற இடத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை 'பானை ஒறி' என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையும் உறியும் போன கடலில் இஞ்சியும் அதன் பெயரும் போனதில் என்ன வியப்பு?

கிரேக்கத்திலிருந்து இந்தியக் கரைக்கு வருகிறோம். இங்கே இரண்டு கதவுகள் நிற்கின்றன. ஒன்று சமஸ்கிருதம்: 'சிருங்கவேரம்'. இன்னொன்று பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி: 'சிங்கிவேர'. பௌத்த பிக்குகள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பகுதி அனுமதிக்கிற மருந்து வேர்களில் மஞ்சளுக்கு அடுத்தபடியாக இந்தச் சிங்கிவேர வருகிறது. கிரேக்கர் எந்தக் கதவில் தட்டினார்கள்?

இரண்டாவது அசையைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் 'சிருங்க', முடிவில் அகரம். பாலியில் 'சிங்கி', முடிவில் இகரம். கிரேக்கத்தில்? 'ஸிங்கி'. இகரம். சமஸ்கிருதத்தின் 'ரு' கிரேக்கத்தில் இல்லவே இல்லை. ஆகவே கிரேக்கர் வாங்கியது பாலி போன்ற ஒரு பேச்சு மொழியின் வடிவத்தை. ஒரே ஒரு இகரம் சொல்கிற சாட்சி இது. சொற்பிறப்பியலில் எனக்கு ஆசை வந்ததே இப்படிப்பட்ட இடங்களால்தான்.

அப்படியானால் சமஸ்கிருத வடிவத்தில் 'சிருங்க' எப்படி வந்தது? சமையலறைக்குப் போய் ஒரு இஞ்சித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளை கிளையாகப் பிரிந்து, நுனி மழுங்கி, கலைமானின் கொம்பு மாதிரியே இருக்கும். சமஸ்கிருதத்தில் சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடல். வெளியிலிருந்து வந்த 'சிங்கிவேர' அவர்கள் காதுக்குப் பொருளில்லாத ஒலி. அதைக் கொஞ்சம் வளைத்துக் 'கொம்பு உடம்பு' என்று பொருள் வரும்படி ஆக்கிக்கொண்டார்கள். மனிதர்கள் எல்லா மொழியிலும் செய்வதுதான் இது. சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. பிறகு வெள்ளைக்காரர்கள் அதையே மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றார்கள். ஆங்கிலத்தில் ஜிஞ்சருக்கே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 'ஜிஞ்சர்பிரெட்' என்ற பண்டத்தின் பெயரில் முதலில் பிரெட் கிடையாது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'ஜிஞ்சிப்ராத்' என்பதுபோன்ற ஒரு சொல் அது. பதப்படுத்திய இஞ்சி என்று பொருள். வால் புரியாமல் பிரெட் என்று ஆக்கினார்கள். பெயரில் ரொட்டி வந்த பிறகுதான் பண்டமும் மெல்ல மெல்ல கேக் வகையாக மாறியது.

தமிழ் தொலைத்த எழுத்து

பாலிக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தெற்கிலிருந்து, திராவிட மொழியிலிருந்து. மலையாளத்தில் 'இஞ்சிவேர்' என்ற சொல்லே உண்டு. இஞ்சி, வேர்: இரண்டும் நம் சொற்கள். பட்டினப்பாலை காவிரி பாயும் சோழநாட்டுத் தோட்டங்களைச் சொல்லும்போது மஞ்சளோடும் சேம்போடும் 'முளை இஞ்சி'யையும் சொல்கிறது.

ஆனால் கடுமையான வாசகர் இங்கே கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் மகிழ்ச்சியோடு நிற்பேன். பாலியில் 'சிங்கி'. தமிழில் 'இஞ்சி'. முதலில் இருக்கிற சகரம் எங்கே? 'ங்கி' எப்படி 'ஞ்சி' ஆனது? எயிட்டுக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்காவிட்டால் நியாயம் இல்லை.

முதலில் சகரம். தென்திராவிட மொழிகளில், அதுவும் தமிழில், சொல்லின் தொடக்கத்துச் சகரம் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. தமிழுக்குள்ளேயே இரண்டு வடிவமும் வாழ்கிற இடங்கள் உண்டு: சிறகு, இறகு. சிப்பி, இப்பி. வெளியிலிருந்து வந்த சொல்லையும் இதே மாதிரிதான் தேய்த்தோம்: சமணர், அமணர். கன்னடத்தில் ஆயிரத்துக்கு 'சாவிர', நமக்கு ஆயிரம். ஆவணி மாதம் வடக்கே 'சிராவணம்'. நடு இந்தியாவில் பேசும் திராவிட மொழியான கோண்டியில் ஆறு என்ற எண்ணுக்கு 'சாருங்', நமக்கு ஆறு. ஒரு சொல்லுக்காகக் கட்டிய கதை இல்லை இது. எயிட்–நைட் மாதிரி வரிசையாக நடந்தது.

அடுத்து ககரம் சகரமானது. இகரம், எகரம் முன்னால் நிற்கிற ககரம் தமிழில் சகரமாகும். கன்னடம் பழைய ககரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவர்களுக்குக் காது 'கிவி', நமக்குச் செவி. அவர்களுக்குச் சிவப்பு 'கெம்பு', நமக்குச் செம்மை. செய் என்பதன் பழைய கன்னட வடிவம் 'கெய்'. 'ங்கி' என்பது 'ஞ்சி' ஆவதும் இதே வழிதான்.

இரண்டையும் திருப்பி வைத்துப் பாருங்கள். உதிர்ந்த சகரத்தை ஒட்டி, மாறிய ககரத்தை மீட்டால், இஞ்சிவேரின் பழைய வடிவம் 'சிங்கிவேர்'. பாலியில் 'சிங்கிவேர'. கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்'. பின்னால் போகப் போக நெருங்கி, ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. எயிட்டுக்கு நடந்ததற்கு நேர் எதிர்.

திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் எல்லிஸ் 1816-இல் எடுத்துக் காட்டியதும், கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டதும், பரோவும் எமனோவும் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை 1961-இல் கொண்டுவந்ததும் இல்லையென்றால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது. கன்னடமும் கோண்டியும் இல்லாமல் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு தமிழின் பழைய வடிவத்தைக் காண இயலாது. நம் மொழியின் மேல் அன்பு உள்ளவர்கள் பக்கத்து மொழிகளையும் ஆசையோடு படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு வழுக்குப் பாறை. ஜெர்மனில் இஞ்சிக்கு 'இங்வர்'. பார்த்தவுடன் தமிழனுக்குத் துள்ளும்: அப்படியே இஞ்சிவேர்! நேரே இங்கிருந்து போனதுதான் என்று தோன்றும். இல்லை. பழைய ஜெர்மனில் அது 'கிங்கிபெரோ', லத்தீன் வழியே வந்தது. பிற்காலத்தில் முதல் மெய் தானாக உதிர்ந்தது. தமிழில் சகரம் உதிர்ந்ததும் ஜெர்மனில் ககரம் உதிர்ந்ததும் இரண்டு தனித்தனிக் கதைகள். சொந்தம் உண்மை, ஆனால் இவ்வளவு ஜாடை இருப்பது மட்டும் தற்செயல். இதேபோல் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்லி' என்று ஒரு சொல் உண்டு, பதனமாக, பூப்போல என்று பொருள். அதற்கும் இஞ்சிக்கும் தொடர்பே கிடையாது. நயமான என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகவே கருதுகிறார்கள். ஒரே மொழிக்குள்ளேயே ஜாடை இப்படி ஏமாற்றும். தமிழில் மட்டும் என்ன? கோட்டை மதிலுக்கும் இஞ்சி என்றுதான் பெயர். அது வேறு சொல்.

தமிழ் வாசலோடு பயணம் முடிந்ததா என்றால், அப்படியும் உறுதிகூற முடியாது. இஞ்சி இன்று உலகில் எங்கும் காட்டுச் செடியாகக் கிடைப்பதில்லை, மனிதன் நட்டால்தான் உண்டு. தென்கிழக்காசியப் பக்கம்தான் முதலில் பயிரானது என்பது பரவலான கருத்து. செடியோடு பெயரின் முதல் பாதியும் அங்கிருந்தே திராவிட மொழிக்கு வந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் எண்ணுகிறார்கள். பின்பாதியான வேர் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நம்முடையது.

அரிசியும் ரைஸும்? எல்லோரும் கேட்கிற கேள்வி. ரைஸ் பிரெஞ்சு 'ரி'யிலிருந்தும், அது இத்தாலிய 'ரிசோ'விலிருந்தும், அது லத்தீன் வழியே கிரேக்க 'ஒருஸா'விலிருந்தும் வந்தது. இதுவரை தடையில்லை. அதற்குப் பின்னால்தான் வழி பிரிகிறது. அரிசியிலிருந்து நேரே கிரேக்கத்துக்குப் போனது என்பது ஒரு கட்சி. சமஸ்கிருத 'வ்ரீஹி', ஆப்கானிஸ்தான் பக்கத்து பஷ்தோ மொழியின் 'வ்ரிஜே' போன்றவற்றைக் காட்டி, ஈரானிய மொழி ஒன்றின் வழியாகப் போனது என்பது இன்னொரு கட்சி. இதற்குத்தான் ஆதரவு அதிகம். அந்த வ்ரீஹியே திராவிடத்திலிருந்து வடக்கே போனதோ என்பது அதற்குப் பின்னால் நிற்கிற வழக்கு. இஞ்சிக்கு இருப்பதுபோல் இடைவெளி இல்லாத சங்கிலி அரிசிக்கு இல்லை. அதனால் அதை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. இஞ்சியைச் சேர்ப்பேன், கட்டுமரத்தைச் சேர்ப்பேன். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன கட்டுமரம் நேரே தமிழ்நாட்டுக் கரையில் வாங்கிக்கொண்டுபோன சொல், தேடவே வேண்டாம்.

நீங்களே தொடங்க நினைத்தால், ஆங்கிலச் சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியை எடுங்கள். எந்த ஆண்டில் எந்த வடிவத்தில் எழுதினார்கள் என்று வரிசையாகக் காட்டும். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோ–எமனோ அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழக்கத்துக்கு முதலில் மேங்கோவை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் போர்த்துகீசியர் வந்து நிற்பார்கள். பிறகு சுகர். அது அரபிக் கடைத்தெரு வழியாக, பாரசீகத்தைத் தாண்டி, சமஸ்கிருதச் 'சர்க்கரா'வுக்குக் கொண்டுபோய் விடும். போகிற வழியில் ஒவ்வொரு படியிலும் ஒரு ஏடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள்.

கடைசியாக ஜிஞ்சரை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முடிவில் நாக்கில் வருகிற அந்த 'அர்', முதலில் 'வேர்'. பழைய ஆங்கிலத்தில் 'ஃபெர்', இடைக்காலத்தில் 'வெர்', பிறகு வகரம் கரைந்து 'அர்'. தொடக்கத்தில் வருகிற ஜகரம், லத்தீனின் இசட், பாலியின் சகரம், தமிழ் எப்போதோ உதிர்த்துவிட்ட அதே சகரம். நாம் கடையில் 'கால் கிலோ இஞ்சி' என்று கேட்கும்போது முன்னால் இருந்த சகரத்தையும் பின்னால் இருந்த வேரையும் சொல்வதில்லை. லண்டனில் ஒருவர் ஜிஞ்சர் என்று கேட்கும்போது, தேய்ந்த வடிவில்தான் என்றாலும், இரண்டையும் சொல்கிறார்.